அந்தப் பலகையை எடுத்தது யார்?

'ஹிடன் ஃபிகர்ஸ்' (2016) முழுப் படம் பார்க்காதவங்ககூட அந்த ஒரு கிளிப்பைப் பார்த்திருப்பீங்க. மகளிர் தினம் வந்தா எங்க வாட்ஸ்அப் குரூப்ல தவறாம வந்துடும். நாசாவில் வேலை பார்க்கும் கறுப்பினக் கணித மேதை கேத்தரின் ஜான்சன், கழிப்பறைக்காக அரை மைல் ஓடுகிறார். விஷயம் தெரிந்ததும் வெள்ளைக்கார மேலதிகாரி (கெவின் காஸ்ட்னர்) கறுப்பினப் பெண்களுக்கான கழிப்பறைப் பலகையை எல்லார் முன்னாலும் அடித்து உடைக்கிறார். கைதட்ட வைக்கிற காட்சிதான். ஆனா அப்படி ஒண்ணு நடக்கவே இல்லை.

அந்த மேலதிகாரியே பல பேரைக் கலந்து செய்த பாத்திரம். மார்கோ லீ ஷெட்டர்லியின் மூல நூல்படி, கேத்தரின் பலகை இல்லாத கழிப்பறைக்கே போய்வந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கழிப்பறை தேடி அலைந்தது மேரி ஜாக்சன்.

பலகையை அகற்றிய ஆள் நிஜத்தில் உண்டு. பெயர் மிரியம் மான். அப்போ 'கம்ப்யூட்டர்' என்றால் மெஷின் இல்லை, கணக்குப் போடுபவர்களின் பதவிப் பெயர். லாங்லி ஆய்வக உணவகத்தில் கறுப்பினக் கம்ப்யூட்டர்களுக்கு என ஒரு மேசை ஒதுக்கி, மேலே ஓர் அட்டை வைத்திருந்தார்கள். மிரியம் அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார். மறுபடி வைப்பார்கள், மறுபடி எடுப்பார். வேலை போய்விடும் என்று வீட்டுக்காரர் எச்சரித்தும் விடவில்லை. கடைசியில் அட்டை வருவதே நின்றுபோனது.

இரண்டு மணிநேரப் படத்தில் சம்பவங்களைச் சுருக்கத்தான் வேணும், ஒத்துக்கறேன். ஆனா சுருக்கும்போது பெருமை எந்தப் பக்கம் நகருதுன்னு பாருங்க. டோரதி வான் 1949லேயே சூப்பர்வைசர். படத்தில் 1961லும் அந்தப் பதவியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மேரி 1958லேயே என்ஜினியர். பட்டதாரியான அவர், அதற்கான மாலை வகுப்பில் சேர நகர நிர்வாகத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. காரணம், வகுப்பு நடந்தது வெள்ளையருக்கு மட்டுமான ஹாம்ப்டன் உயர்நிலைப் பள்ளியில். உள்ளே போனால், அது பாழடைந்த பழைய கட்டடம்! இவ்வளவு பொத்திப் பொத்திக் காத்தது இதைத்தானா என்று கேட்க வைக்கும் இடம் அது.

மூணு நடிகைகளும் பிரமாதம். அதில் குறையே இல்லை. ஆனா அந்தக் கிளிப்பை மட்டும் பார்த்து வளரும் பொண்ணு, நல்ல பாஸ் ஒருத்தருக்குக் கோபம் வந்தா சமத்துவம் வந்துடும்னு நம்பக்கூடும். அவளுக்கு அந்தக் கைப்பைக் கதையையும் சொல்லிடுங்க.