விந்தைப் புனைகதையும் இயற்கையிறந்த கூறும்

விந்தைப் புனைகதைக்கு மந்திரமும் பேயும் தேவதையும் இன்றியமையாதனவோ என்னும் வினா திறனாய்வாளரிடையே நெடுங்காலமாக இருந்துவருவது. இன்றியமையாதன என்பார் பலர். தொதொரோவ் 1970-இல் வெளியிட்ட நூலில், நிகழ்ந்தது இயற்கையோ இயற்கையிறந்ததோ எனப் படிப்போர் ஐயுறும் தயக்கத்தையே விந்தை இலக்கியத்தின் உயிராகக் கொண்டார். இவ்விரு கொள்கைகளுக்கும் அடங்காத படைப்பு ஒன்றினை ஈண்டு ஆராய்வோம்.

ஆங்கில எழுத்தாளரும் ஓவியருமான மெர்வின் பீக் (1911–1968) 'டைட்டஸ் குரோன்' (1946), 'கார்மன்காஸ்ட்' (1950) என்னும் இரு நாவல்களை இயற்றினார். கதை நிகழிடம் எல்லை காணவொண்ணாத ஒரு பழங்கோட்டை. அதன் எழுபத்தேழாம் கோமகனாகப் பிறக்கின்றான் டைட்டஸ். மந்திரவாதி எவனும் இங்கில்லை. அடுக்களைச் சிறுவன் ஸ்டீர்பைக் சூழ்ச்சியால் உயர்கின்றான். நூல்நிலையத்திற்குத் தீ வைக்கின்றான். நூல்களை இழந்த கோமகன் அறிவு திரிந்து, தம்மை ஆந்தையெனக் கருதி, ஆந்தைகளுக்கே இரையாகின்றார். நிகழ்ச்சி கொடிது, ஆயினும் இயற்கையிறந்ததன்று. ஐயுற்றுத் தயங்கவும் இடமில்லை.

எனினும் இதனை நடப்பியல் நாவல் என்பார் அரியர். காரணம் யாது? கோட்டைப் புறத்தே வாழும் மக்கள் ஆண்டுதோறும் மரச்சிற்பங்கள் செதுக்குவர். அவற்றுள் மூன்றே தேர்ந்தெடுக்கப்படும், ஏனையவை எரிக்கப்படும். தேர்ந்தனவும் காண்பாரின்றி மாடத்தில் தூசி படிந்து கிடக்கும். ஏன் என வினவுவார் இலர். சடங்கு அவ்வாறு விதித்தது, அவ்வளவே. இங்கு மீறப்பட்டது பொருளுலக விதியன்று. மனிதச் செயலுக்குப் பயன் வேண்டும் என்னும் விதியே. அதனிடத்தில் வேறொரு விதி முற்றாட்சி செய்கின்றது. டோல்கீன் தம் 1939-ஆம் ஆண்டுச் சொற்பொழிவில் வற்புறுத்திய, படைக்கப்பட்ட உலகின் அகப்பொருத்தம் இங்கு மந்திரமின்றியே கைகூடிற்று.

அங்ஙனமாயின் கற்பனை ஊர் அமைந்த கதையெல்லாம் விந்தைப் புனைகதையாமோ எனின், ஆகாது. தாமஸ் ஹார்டியின் வெசெக்ஸ் பெயரளவிலேயே புதிது. இங்கிலாந்தின் வரலாறும் சட்டமும் சந்தையுமே அதனை இயக்குகின்றன. கார்மன்காஸ்டோ தன் விதியால் தானே இயங்குவது.

இவ்வாராய்ச்சி நமக்கும் உரியது. இயற்கையிறந்த கூற்றையே அளவுகோலாகக் கொண்டால் அமுதசுரபியைக் கூறும் மணிமேகலையும் விந்தைப் புனைகதையாகிவிடும். சாத்தனார்க்கு அப்பாத்திரம் அறத்தின் வழிவந்தது, விளையாட்டுக் கற்பனையன்று. சமயக் காப்பியத்தை உள்ளே இழுத்துப் பீக்கின் நாவல்களை வெளியே தள்ளும் அளவுகோல் பிழையுடையது என்பதில் ஐயமில்லை. உலகியல் வழக்கையும் நாடக வழக்கையும் பிரித்துணர்த்திய தொல்காப்பியம், புனைவின் வேறுபாட்டைத் தெய்வத்தால் அளவாது பொருளை அமைக்கும் முறையால் அளக்க நம்மைத் தூண்டுகின்றது.

மூன்றாம் நாவலாகிய 'டைட்டஸ் தனியன்' (1959) இதற்குச் சான்று. கோட்டையை நீத்த டைட்டஸ் எந்திரங்கள் மலிந்த நாட்டை அடைகின்றான். ஆங்குக் கார்மன்காஸ்டை அறிந்தார் ஒருவரும் இலர். தன் பிறப்பிடம் உண்மையோ என அவனே ஐயுறுகின்றான். விதி வேறாகியவுடன் உலகமே வேறாயிற்று. ஆகவே விந்தைப் புனைகதைக்கு வேண்டுவது வேறோர் உலகின் விதியே; அவ்விதியைத் தெய்வமோ மந்திரமோ நாட்டவேண்டும் என்பதில்லை என்பதே நம் முடிபு.