கூடாரத்துக்குள் ஓர் இரவு

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனதும் நாலு செல்போன்களையும் அணைத்துக் காரிலேயே வைத்துப் பூட்டினோம். ஐந்து பேர் படுக்கும் கூடாரம் தனியாளுக்கு அடங்காது. ஒருவர் கம்பியை வளைக்க, ஒருவர் துணியை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் முளை அடிக்க வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு அறையில் கிடக்கும் பிள்ளைகள் அம்மாவுக்கு முளை எடுத்துக் கொடுத்தார்கள். அந்த அரைமணி நேரத்துக்காகவே போகலாம்.

சித்திரை மாதம். ஒன்பது மணிக்கு வடக்கு வானில் சப்தரிஷி மண்டலம் துலக்கமாகத் தெரிந்தது. வாலின் நடுவில் வசிட்டர்; அவரை ஒட்டி மங்கலாக மினுக்குவது அருந்ததி. கல்யாணத்தில் பட்டப்பகலில் காட்டுவார்களே, அதேதான். சின்னவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். அந்த ஒளி நம்மிடம் வந்துசேர ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஆகும் என்றேன்.

"அப்போ ஆச்சி பிறந்தப்ப கிளம்பினதாப்பா?"

ஆச்சி போர்வையை விலக்கிக்கொண்டு அண்ணாந்தார். "எங்கடி, எனக்கும் காட்டு."

அவள் ஆச்சியின் விரலைப் பிடித்து நீட்டிக் காட்டினாள். வெகுநேரம் இருவரும் அப்படியே நின்றார்கள்.

விடியலில் கூடாரத் துணியின் உட்புறமெல்லாம் ஈரம். ஐந்து பேரின் மூச்சும் ஒன்றாகத் துளிர்த்திருந்தது.