நிழற்படத்தில் அணியும் பொய்யும்

கவிஞன் ஒருவன் வீரனைச் சிங்கம் என்கிறான். அவனைப் பொய்யன் என்று எவரும் ஏசுவதில்லை. ஏன்? அரபு அணியிலக்கணம் பயிலும் மாணவன் எதிர்கொண்டே தீரவேண்டிய வினா இது. ஹிஜ்ரி 739-இல் (கி.பி. 1338) மறைந்த இமாம் கஸ்வீனீ, தம் 'தல்கீஸுல் மிஃப்தாஹ்' என்னும் நூலில் இதற்கு விடை பகர்கிறார். உருவகம் மொழிபவன், தன் சொல்லை நேர்ப்பொருளில் கொள்ளற்க என்பதற்கு ஓர் அடையாளத்தையும் உடன் வைக்கிறான். அவ்வடையாளத்தின் பெயர் 'கரீனா'. சிங்கம் அம்பெய்தது என்று சொன்னால், அம்பு என்பதே கரீனா. காட்டு விலங்கு வில்லேந்துவதில்லை அன்றோ! பொய்யனோ அத்தகைய அடையாளம் எதனையும் வைப்பதில்லை. தற்செயலாக ஒன்று இருந்துவிட்டால் அதனையும் மறைக்கவே முயல்வான்.

கணிப்பொறியின் துணைகொண்டு நிழற்படத்தை ஓவியம்போலவும் சுவரொட்டிபோலவும் மாற்றும் கலை இன்று நம் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. அதனைத் திறனாய்வதற்கு இப்பழைய அளவுகோலே ஏற்றது என்பது என் துணிபு. உருவப்படம் பற்றிய மார்க்கத் தீர்ப்பு ஈண்டு நம் பொருளன்று. அது தனியே ஆராயத்தக்கது.

படத்தைத் திருத்தும் பழக்கம் கணிப்பொறியோடு பிறந்ததன்று. 1839-இல் தாகேரின் நிழற்படமுறை பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பின்னர்த் தமிழகத்தில் ஸ்டூடியோக்கள் பெருகியபோது, கூரிய பென்சிலால் நெகடிவில் உள்ள முகத்தின் சுருக்கங்களை நிரப்புவதும், கத்திமுனையால் வேண்டாதவற்றைச் சுரண்டுவதும், கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தூரிகையால் வண்ணம் ஏற்றுவதும் தனித்தொழிலாகவே வளர்ந்தன. எங்கள் புதுவையில் 1955 முதல் இயங்கிவரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 19-ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி 1980-கள் வரையிலான தமிழக ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் படியெடுத்துக் காக்கும் பணியை மேற்கொண்டது. பிரிட்டிஷ் நூலகமும் அதற்குத் துணைநின்றது. அழியவிருந்த ஒரு கலைக்குச் செய்த நற்றொண்டு இது.

அத்தகைய படமொன்று எங்கள் வீட்டிலும் உண்டு. பாட்டனார் சைகோனில் கடை வைத்திருந்தார்; பாட்டியார் புதுவையை விட்டு அகன்றவரல்லர். ஆயினும் படத்தில் இருவரும் அருகருகே நிற்கின்றனர். அங்கிருந்து வந்த படத்தையும் இங்கு எடுத்த படத்தையும் ஒரு ஸ்டூடியோக்காரர் ஒட்டி ஒன்றாக்கித் தந்தார். அவர்மீது ஒளி வலப்புறமிருந்து விழுகிறது, பாட்டியார்மீது இடப்புறமிருந்து. இருவர் தோளுக்கும் இடையே மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. இது பொய்யா? அன்று. அக்கோடும் மாறுபட்ட ஒளியும் கரீனாக்கள். பிரிந்திருந்த இருவரின் உள்ளம் சேர்ந்திருந்தது என்பதே அப்படத்தின் பொருள். வீட்டார் அதனை அறிந்தே சுவரில் மாட்டினர்.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் உடன்பிறந்தார் உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990-இல் வெளிவந்தது. சாதாரண வண்ணப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிநிலைகள் உண்டு. அவற்றை நான்காகக் குறைத்தால் மென்மையான நிழல்கள் மறைந்து, முகம் அச்சுக்கட்டையால் பதித்ததுபோல் ஆகிறது. காண்போர் எவரும் அதனை உண்மைத் தோற்றமென்று மயங்கார். அந்த மாற்றமே தன் கரீனாவைத் தன்மேல் தாங்கி நிற்கிறது. எனவே இது அணி, குற்றமன்று.

ஆயினும் பொய்யன்று என்பதனாலேயே ஓர் அணி சிறந்ததாகிவிடாது. உவமைக்கு 'வஜ்ஹுஷ் ஷபஹ்' என்னும் பொதுத்தன்மை வேண்டும் என்பர் அரபு இலக்கணிகள். மாணவன் ஒருவன் ஓய்வுபெற்ற முதிய ஆசிரியரின் முகத்தை நான்கே நிறங்களில் ஆக்கிக் காட்டினான். நெற்றிச் சுருக்கங்கள் ஏட்டில் எழுதிய வரிகள்போல் எழுந்து நின்றன. படித்துப் படித்தே முதிர்ந்த முகம் என்பது புலனாயிற்று. அதே மாணவன் கடற்கரைச் சாலையை நீர்வண்ண ஓவியமாக்கினான். அலைக்கும் விளக்குக் கம்பத்துக்கும் ஒரே கசிவு! எதனை நீக்குவது, எதனை நிறுத்துவது என்று ஓவியன் எண்ணுகிறான், பொறியோ எண்ணுவதில்லை. அவனும் அன்று எண்ணவில்லை.

இவையெல்லாம் சுவைக்குற்றம். இனிச் சொல்வது நெஞ்சை உறுத்துவது. என் தமக்கை மகளுக்கு வரன் தேடியபோது ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்தோம். அவள் மாநிறம், வந்த படத்திலோ வெண்ணிறம். கன்னத்து மச்சமும் காணோம். மாற்றும்படி நாங்கள் கேட்கவில்லை. ஆனால், கண்டதும் மகிழ்ந்தோம், அனுப்பியும் வைத்தோம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாயார் படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் சென்றபின் அவள் என்னிடம், "மாமா, படத்தில் இருப்பவள்தான் உங்களுக்குப் பிடித்தவள் என்றால், என்னை ஏன் அவர்கள் முன்னால் நிறுத்தினீர்கள்?" என்றாள். பல்லாண்டுகள் அணியிலக்கணம் நடத்திய எனக்கு விடை வரவில்லை. அப்படத்தில் கரீனா இல்லை. அன்று ஏமாந்தவர் அவ்வம்மையார். இழிவுற்றவளோ எங்கள் பெண்.

பிரான்சில் உறவினரை உடைய புதுவைக் குடும்பங்கள் பல. அந்நாட்டில் 2017 அக்டோபர் 1 முதல், விளம்பரப் படத்தில் மாடலின் உடலை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றியிருந்தால், 'திருத்தப்பட்ட படம்' என்று குறித்தல் வேண்டும். தவறினால் 37,500 யூரோ வரை தண்டம். கரீனாவைச் சட்டமே கட்டாயமாக்கிற்று எனலாம். ஆயினும் அச்சட்டம் மேனியின் நிறத்தைத் தொடவில்லை. வணிகத்தைக் கடந்து வீட்டுக்குள்ளும் வரவில்லை. வீட்டுக்குள் அதனை வைக்கவேண்டியவர்கள் நாமே. கைப்பேசிகள் கேளாமலே முகத்தை மெழுகும் இக்காலத்தில், அனுப்பும் முன் படத்தையும் பிள்ளையையும் ஒருமுறை சேர்த்துப் பார்த்தல் பெற்றோர் கடன்.

அண்மையில் பாட்டனார் படத்தைக் கணிப்பொறியில் படியெடுத்த இளைஞர், தோளருகே உள்ள கோட்டை நொடியில் அழித்துத் தருவதாகச் சொன்னார். கோடு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.