தோட்டத்துப் பாடல்கள்

ஐரோப்பியச் சேர்ந்திசை என்றதும் தேவாலயமும் ஆர்கனும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் மரத்தடியில் நின்று பாடவும் ஏராளமாக எழுதினார்கள். அதில் பெரும்பகுதி இன்று கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஒன்றை மட்டும் மீட்டுத் தரச் சொன்னால், ஃபான்னி ஹென்சலின் ‘தோட்டத்துப் பாடல்க’ளைத் தயங்காமல் எடுத்துத் தருவேன்.

1846இல் எழுதிய ஆறு பாடல்கள். வாத்தியத் துணை கிடையாது. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என நான்கு குரல்கள் மட்டும். மூன்று பாடல்களுக்குச் சொற்கள் கவிஞர் ஐஷன்டார்ஃபுடையவை, ஒன்றுக்குக் கணவர் வில்ஹெல்முடையவை. காடும் காற்றும் இரவும்தான் விஷயம். குரல்கள் ஒன்றின் நிழலில் இன்னொன்றாக நகர்கின்றன. எதுவும் உரக்கக் கத்துவதில்லை. வேறெந்தக் கச்சேரி ஆடம்பரமும் இந்த நெருக்கத்தைத் தராது என்பேன்.

ஃபான்னி, இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சனின் அக்கா. தம்பிக்கு இசை தொழிலாகலாம், உனக்கு அது அணிகலன் மட்டுமே என்று 1820இல் அப்பா கடிதம் எழுதினார். 400க்கு மேற்பட்ட படைப்புகளை இயற்றியும் ஃபான்னி 40 வயதில்தான் தம் பெயரில் முறையாக அச்சிடத் துணிந்தார். பெர்லின் வீட்டின் தோட்ட மண்டபத்தில் ஞாயிறு கச்சேரிகள் நடத்தினார். 1847 மே 14 அன்று அப்படியொரு கச்சேரிக்கான ஒத்திகையின்போது பக்கவாதம் தாக்கி, அன்றிரவே மறைந்தார். ஒத்திகையில் இருந்தது தம்பியின் ‘முதல் வால்புர்கிஸ் இரவு’. அதுவும் தேவாலயத்துக்கு வெளியே பிறந்த சேர்ந்திசைதான்.

சேர்ந்திசைக் குழுவில் பாடுபவரா நீங்கள்? இந்த ஆறையும் ஒருமுறை திறந்த வெளியில், ஒலிபெருக்கி இல்லாமல் பாடிப் பாருங்கள்.