பேய் தந்த கலையா? பயிற்சி தந்த கலையா?

அமெரிக்க நாட்டு மிசிசிப்பி மாநிலத்திலே கிளார்க்ஸ்டேல் என்றோர் ஊர். 61, 49 என்னும் நெடுஞ்சாலைகள் கூடும் நாற்சந்தி அங்கே உண்டு. நள்ளிரவில் அவ்விடம் சென்று, சாத்தானிடம் ஆன்மாவை விற்றுத்தான் இராபர்ட் ஜான்சன் கித்தார்க் கலையைப் பெற்றார் என்று கதை கட்டினர். 1938-இல், 27 வயதில் அவர் மாண்டபின் கதை மேலும் கொழுத்தது. ஐக் சிம்மர்மன் எனும் கலைஞரிடம் அவர் அமர்ந்து பயின்ற உண்மையோ மூலையில் கிடந்தது! உழைப்பைக் காணக் கூசும் கண்கள், பேயை மட்டும் எளிதிற் கண்டுவிடுகின்றன!

அதே ஊர் சார்ந்தவர், 1999-இல் பிறந்த கிறிஸ்டோன் 'கிங்ஃபிஷ்' இங்ரம். 2021 சூலையில் வெளிவந்த அவரது இரண்டாவது இசைத்தட்டின் பெயர் '662'. வட மிசிசிப்பியின் தொலைபேசிக் குறியெண் அது. பிறந்த மண்ணையே பெயராகச் சூட்டிய அத்தட்டுக்கு 2022-இல் கிராமி விருது கிடைத்தது. புளூஸ் இசையின் எதிர்காலமே இவர்தாம் என்று புகழ்ந்தனர்; பிறவி மேதை என்று வியந்தனர்.

புகழட்டும், தகுதி உண்டு. ஆனால் 'பிறவி மேதை' என்பது யாது? சாத்தான் கதைக்கே சலவைச் சட்டை அணிவித்தது அன்றோ! கிளார்க்ஸ்டேலிலுள்ள டெல்டா புளூஸ் அருங்காட்சியகம் சிறுவர்க்கு இசை வகுப்பு நடத்துகிறது. அங்கே ஆசிரியர்களிடம் பயின்று, பழகி, பிழை திருத்தி வளர்ந்தவர் இவர். அவ்வகுப்பன்றோ வியப்புக்குரியது!

குறையும் உண்டு. டாம் ஹாம்பிரிட்ஜ் தயாரித்த இத்தட்டில் மெருகு மிகுதி. சில பாடல்களில் விரல்களின் வேகம் சொற்களை விழுங்கிவிடுகிறது. தாயின் தியாகத்தைப் போற்றும் 'ராக் அண்ட் ரோல்' பாடலிலோ வேகம் தணிகிறது, நெஞ்சம் பேசுகிறது. அவர் இசைக்காக வழிவிட்ட அத்தாய் 2019-இலேயே மறைந்தார்.

எனினும் தட்டின் உயிர் 'அனதர் லைஃப் கோஸ் பை' எனும் பாடலே. நிறவெறிக்குப் பலியாகும் உயிர்களைப் பற்றியது. மினியாபோலிசில் காவலரின் முழங்காலின்கீழ் ஜார்ஜ் பிளாய்டு மாண்டது 2020 மே மாதம். அடுத்த ஆண்டே இக்குரல்! இங்கே கித்தார் ஆர்ப்பரிக்கவில்லை. அடங்கி நின்று சொல்லுக்கு வழிவிடுகிறது. விரலைப் பாராட்டியோர் பலர். இவ்வினாவைச் செவிமடுத்தோர் எத்துணைப் பேர்?

பருத்திக் காட்டில் முதுகொடிந்தோர் பெற்றெடுத்த இசை புளூஸ். அதனைச் சாத்தானுக்கு எழுதி வைத்தல் அவர்தம் வியர்வையைத் திருடுவதாகும். ஓசையை மட்டும் சுவைத்து ஓலத்தை மறத்தல் அதனினும் கொடிது. '662' அழைக்கிறது. மணியோசை இனிது என்று மகிழ்ந்தால் மட்டும் போதுமோ? எடுத்துக் கேட்க வேண்டாவோ!