தகடும் சான்றும்: மலையக அச்சுப் பொருள்களின் மெய்ம்மை பற்றிய ஒரு நோக்கு

ஒரு பொருள் பழையது என நிறுவுவதும் அது வரலாற்றுச் சான்று என நிறுவுவதும் ஒன்றல்ல. நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களோடு தொடர்புடைய அச்சுத் தகடுகளும், படப் புளொக்குகளும், தேயிலைப் பெட்டிகளுக்குக் குறியிட உதவிய ஸ்டென்சில் தகடுகளும் இன்று சேகரிப்போர் விலைகொடுத்துத் தேடும் பொருள்களாகிவிட்டன. இவற்றுள் மெய்யானது எது, போலி எது என்னும் வினா வணிகரின் வினாவாக மட்டும் இருத்தலாகாது. ஏட்டுச்சுவடியின் பாடத்தை ஆராய்வோர் எழுப்பும் வினாவும் அடிப்படையில் இதுவே. எனவே இதனை இலக்கிய ஆய்வின் எல்லைக்குள் வைத்து நோக்குவது தவறாகாது.

முதற்கண் பொருளின் இனத்தை அறிதல் வேண்டும். ஸ்டென்சில் தகட்டில் எழுத்து ஊடறுத்து வெட்டப்பட்டிருக்கும், நேராகவே வாசிக்கலாம். வட்ட எழுத்துகளின் நடுப்பகுதி விழுந்துவிடாதிருக்கச் சிறு இணைப்புகள் விடப்பட்டிருக்கும். அச்சுப் புளொக்கிலோ எழுத்து மேடாகவும் இடவலம் மாறியும் அமையும். செதுக்கிய செப்புத்தகட்டில் கோடுகள் பள்ளமாக இருக்கும். அவையும் இடவலம் மாறியனவே. ஓப்செட் தகட்டில் உருவம் முதலில் இறப்பர் விரிப்பில் பதிந்து பின்னரே தாளுக்குச் செல்வதால், அதன் எழுத்து நேராக அமையும். பெட்டித் தகட்டை 'பழைய அச்சுத்தகடு' என விற்பவர் இந்த முதற் படியிலேயே தவறிவிடுகிறார்.

அடுத்து நோக்கத்தக்கது தொழில்நுட்பச் சான்றாகும். ஒளிப்படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் முறை 1880களிலேயே வணிக வழக்கிற்கு வந்தது. கோப்பி இலைநோய் இலங்கையிற் காணப்பட்டது 1869இல். ஆகவே, புள்ளிகளாலான படப் புளொக் ஒன்றைக் கோப்பி செழித்திருந்த காலத்ததெனக் கூறின், அக்கூற்று நிலைக்காது. ஈய எழுத்துகளுடன் சேர்த்து அச்சிடப்படும் புளொக், அடிப்பலகையுடன் ஏறத்தாழ 23.3 மில்லிமீற்றர் உயரம் இருத்தல் வேண்டும். ஆங்கில எழுத்துவார்ப்பின் உயரம் அதுவே. பள்ளங்களில் உறைந்த மை, ஓரங்களில் சீரற்ற தேய்வு, பலகையில் ஆணியின் பழந்தடம் ஆகியன பயன்பாட்டின் அடையாளங்கள். எங்கும் ஒரே சீராகப் படர்ந்த பச்சைக் களிம்பும், இயந்திரம் வெட்டியது போன்ற ஒழுங்கான விளிம்பும் ஐயத்திற்குரியன.

தகட்டிலுள்ள சொற்களும் ஆராயப்பட வேண்டும். 'சிலோன்' என்ற சொல் இருப்பதனாலேயே அது 1972க்கு முற்பட்டதாகிவிடாது. நாட்டின் பெயர் மாறிய பின்னரும் தேயிலை அப்பெயரிலேயே விற்கப்படுகிறது. பிரித்தானியக் கம்பனியொன்றின் பெயர் அதனினும் வலுவான சான்று. அக்கம்பனிகளின் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. எனினும் பெயரையும் நகலெடுக்க முடியும். எனவே, எந்தத் தொழிற்சாலையிலிருந்து, யார் கைவழியாக அப்பொருள் வந்தது என்னும் வரலாறே இறுதியில் தீர்ப்பளிக்கிறது.

இத்துடன் சேகரிப்போரின் வினா முடிந்துவிடுகிறது. எமது வினா இங்கேதான் தொடங்குகிறது.

மெய்யென நிறுவப்பட்ட தகடு எதனைக் கூறுகிறது? பெட்டியிற் பதிந்த பெயர் 'டன்சினன்' போன்ற ஸ்கொத்லாந்துப் பெயர். அதே தோட்டங்களுக்குத் தொழிலாளர் இட்டு வழங்கிய தமிழ்ப் பெயர்கள் பல இருந்தன. பெர்குசன் கையேடு துரைமாரின் வசதிக்காக அவற்றைப் பட்டியலிட்டது. ஏற்றுமதிப் பெட்டியிலோ அவற்றுக்கு இடமிருக்கவில்லை. லிப்டன் 1890இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கிய பின் எழுந்த விளம்பரங்களிலும், அதே ஆண்டில் தொடங்கப்பட்ட பிளாத்தே நிறுவனம் போன்றவை வெளியிட்ட அஞ்சலட்டைகளிலும் கொழுந்து பறிக்கும் பெண் காட்சிப்பொருளானாள். அவளுக்குப் பெயரில்லை; அவளது நாட்கூலி பற்றிய பேச்சுமில்லை. உழைப்பு அழகாக்கப்பட்டு, உழைப்பவள் மறைக்கப்பட்டாள். உலோகம் மெய்யானதாக இருக்க, அது பகரும் சாட்சியம் பொய்யாக இருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவரும், 1936இல் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானவருமான கோ. நடேசய்யர் அச்செழுத்தைப் போராட்டக் கருவியாக்கியவர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாளின் பாடல்கள் சிறு பிரசுரங்களாகத் தொழிலாளரைச் சென்றடைந்தன. இத்தகைய பிரசுரங்கள் கோத்த எழுத்துகளால் அச்சாகுபவை. அச்சடித்து முடிந்ததும் எழுத்துகள் பிரிக்கப்பட்டு அறைகளில் இடப்படும். மறுநாள் அதே ஈயம் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கும் உதவும். ஆகவே அவற்றிற்குத் தகடு எஞ்சவில்லை; மலிந்த தாள் மட்டுமே எஞ்சியது. லயக் காம்பிராவின் ஈரத்தில் அத்தாளும் நிலைப்பதரிது. ஒரே உருவத்தை ஆயிரமாயிரம் முறை பதிக்க வேண்டிய தேவை மூலதனத்திற்கு இருந்தது. அதனால் அதன் குரல் உலோகமாயிற்று. தகட்டையே மதிக்கும் சந்தை, இவ்வேறுபாட்டை அறியாமலே மீண்டும் உறுதிசெய்கிறது.

சேகரிப்போர் இல்லையெனில் இவையும் பழைய இரும்புக் கடைக்கே சென்றிருக்கும் எனச் சிலர் வாதிடுவர். அதில் உண்மையுண்டு. மரப்பெட்டிகளின் இடத்தைக் காகிதச் சாக்குகள் பிடித்தபின் ஸ்டென்சில் தகடுகளுக்கு வேலையில்லாது போயிற்று. எனினும் வரலாறு பதியப்படாமல் கைமாறும் தகடு வெறும் அலங்காரப் பொருளே. கண்டி ஹந்தானையில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை அரும்பொருளகம் தொழிற்சாலையின் இயந்திரங்களைப் பேணுகிறது. கம்பளைக்கு அண்மையில் ஓல்ட் பீகொக் தோட்டத்து லயத்தில் 2007இல் அமைந்த தொழிலாளர் அரும்பொருளகம் அவ்வியந்திரங்களை இயக்கியோரின் வாழ்வைப் பேணுகிறது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கும் ஆய்வே எமக்கு வேண்டுவது.

அதற்கான முதற்பணி எளியது. தகடு விற்பனைக்குச் செல்லுமுன் அதன் அளவு, ஒளிப்படம், கிடைத்த தொழிற்சாலை ஆகியவற்றைப் பதிதல் வேண்டும். அதனால் பெட்டிக்குக் குறியடித்த முதிய தொழிலாளி உயிருடன் இருப்பின், அவரது வாய்மொழியையும் உடன் சேர்த்தல் வேண்டும். மை உறைந்த உலோகத்தைப் பேணுவோர், அம்மையைத் தீட்டிய கையைக் கைவிடுவாராயின், அவர் பேணியது மலையகத்தின் வரலாறாகாது.