பழைய எக்ஸ்பிக்குப் புது முகப்பு

திருவண்ணாமலைக் கோயிலின் பதினோரு நிலை ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் தொடங்கியது. உள்ளே போகப் போகக் கட்டடம் சோழர் காலத்துக்குப் போய்விடுகிறது. முகப்பு புதிது என்பதற்காக அதை யாரும் போலி என்பதில்லை. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு, அதற்கு அடுத்து வந்த விஸ்டாவின் தோற்றம் கொடுத்தவர்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். விஸ்டா குறைந்தது 512 எம்பி நினைவகம் கேட்டது. எக்ஸ்பிக்கு 128 போதும். புதுக் கணினி வாங்க வசதியில்லாதவருக்குத் தோற்றமாவது வாய்த்தது. அதுவும் சும்மா வரவில்லை. மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட தீம்களைத்தான் எக்ஸ்பி ஏற்கும். யுஎக்ஸ்தீம் என்ற கோப்பைத் திருத்தி அந்தக் காவலைத் தளர்த்திய பிறகே பொத்தான், தலைப்புப் பட்டை, டாஸ்க்பார் என ஒவ்வொன்றுக்கும் வரைந்த படங்களை நுழைக்க முடியும்.

வெறும் பூச்சுதானே என்பார்கள். ஆமாம். விஸ்டாவின் கண்ணாடி விளிம்பு, பின்னால் இருப்பதை கிராஃபிக்ஸ் கார்டின் துணையோடு அந்தந்தக் கணத்தில் மங்கலாக்கிக் காட்டுவது. எக்ஸ்பியில் அது அசையாத படம். இல்லாத கண்ணாடியை நிழலையும் நிறச் சரிவையும் வைத்தே கண் நம்பும்படி வரைவதில்தான் கைத்திறன் இருக்கிறது. பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம் இன்னும் கனமானது: 2014 ஏப்ரல் 8உடன் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தது, புது முகம் அதை மறக்கடிக்கும். அந்தக் கணினியை இணையத்தில் இணைக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய நீலப் பட்டையோடு விட்டிருந்தாலும் ஓட்டை அதேதான்.